வெள்ளம் குடித்த டிஎக்ஸ் வேகனும் என் பதினாலு வருசமும்

டொயோட்டா கொரோலா கேஈ72, ஊர்ப்பேச்சில் டிஎக்ஸ் வேகன். 2011 நடுப்பகுதியில் வாங்கினேன், இன்னும் மட்டக்களப்பு கல்லடியில் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. அதற்கு முதல் ஒரு மொறிஸ் மைனரும் ஒரு நிசான் பி11 சன்னியும் வைத்திருந்தவன் என்பதால், பழைய கார் என்றால் எனக்குத் தெரியாதது இல்லை என்றொரு நினைப்பு அப்போது இருந்தது. மைனரில் பெற்றோல் பம்ப் அடிக்கடி நின்றுவிடும், பொனட்டைத் திறந்து ஸ்பானரால் இரண்டு தட்டு விட்டால் டிக் டிக் என்று திரும்ப ஓடும். சன்னியில் எஞ்சின் முன்சக்கரத்தைத்தான் சுற்றும். நாவற்குடாப் பக்கத்து மணல் ஒழுங்கைகளில் ஓடி ஓடியே அச்சு மூட்டின் ரப்பர் உறை கிழிந்து, வளைக்கும்போதெல்லாம் டக் டக். இந்த இரண்டோடும் மல்லுக்கட்டியவனுக்கு வேகன் ஒரு விசயமா?

வாங்கும்போது எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். பொனட்டைத் திறந்து, ஸ்டார்ட் பண்ணி, காது கொடுத்துக் கேட்டு, ஒயில் மூடியைக் கழற்றி, பின்னால் போய்ப் புகையைப் பார்த்து, சரி என்று காசைக் கொடுத்துவிட்டேன். கால்வைக்கும் இடத்து விரிப்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. அந்த வருசம் ஜனவரியில் மட்டக்களப்பே வெள்ளத்தில் கிடந்தது எனக்குத் தெரியாததா, நானே தண்ணீருக்குள் நடந்து திரிந்தவன், ஆனாலும் மண்டையில் ஏறவில்லை. மூன்று மாதம் கழித்து, உள்ளே வந்த மணம் தாங்க முடியாமல் சீற்றைக் கழற்றி விரிப்பை உரித்தால் காய்ந்த வண்டல், அதற்குக் கீழே கறள். சாரதி பக்கம் ஸ்குரூ டிரைவரால் லேசாகக் குத்தினேன், ஓட்டை வழியே றோட்டுத் தெரிந்தது.

அன்றிலிருந்து என் கட்சி ஒன்றுதான்: கடற்கரை ஊரில் பழைய கார் வாங்குகிறவர் முதலில் தகட்டைப் பார்க்க வேண்டும், எஞ்சின் பிறகு. வேகனில் இருக்கிற 4கே எஞ்சின் 1290 சிசி, ஒரு காபரேற்றர், ஒரு டைமிங் செயின், தீப்பொறிக்குப் பிளாட்டினம் பொயின்ற், அதோடு சரி. வால்வு இடைவெளியை நானே வாசலில் வைத்துச் சரிசெய்வேன் (எஞ்சின் சூடாக இருக்கும்போது உள்வால்வு 0.20, வெளிவால்வு 0.30 மில்லிமீற்றர்). இங்கே கிடைக்காத சாமானுக்குக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை இருக்கிறது. கறளுக்கு அப்படி ஒரு பஞ்சிகாவத்தை கிடையாது, வெட்டி ஒட்ட வேண்டும், ஒட்டியது திரும்பவும் கறளெடுக்கும். கார் பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள். கதவின் அடிப்பாகம், பின்சக்கர வளைவு, ஸ்பெயார் வீல் கிடக்கும் குழி, இங்கெல்லாம் காந்தம் ஒட்டாவிட்டால் பெயின்றுக்குள்ளே இருப்பது தகடு இல்லை, ஓட்டையை அடைத்த பட்டிப் பசை. அடித்தளத்துக்குப் பழைய ஒயில் பூசும் வழக்கத்தையும் யோசித்துச் செய்யுங்கள், கறளைத் தடுக்கும்தான், ஆனால் புஷ் ரப்பர்களில் பட்டால் ஊதிப்போகும். நான் அப்படி ஒரு செற் மாற்றினேன்.

எஞ்சின் என்னைக் கைவிட்டது ஒரேயொரு தடவை, அதிலும் பிழை என்னுடையது. கொழும்புக்குப் போகும் வழியில் வெலிக்கந்தை தாண்டி வெப்ப முள் மேலே ஏறியது. நிறுத்துவமா என்று யோசிக்கும்போதே முள் தானாகக் கீழே விழுந்தது, சூடு இறங்கிவிட்டது என்று நினைத்து இன்னும் ஐந்தாறு கிலோமீற்றர் ஓட்டினேன். உண்மையில் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போயிருந்தது. சென்சரைச் சுற்றித் தண்ணீர் இல்லாவிட்டால் அது எதை அளக்கும்? புளொக் இரும்பு, ஹெட் அலுமினியம், வளைந்துவிட்டது. லொறியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து காத்தான்குடிக் கராஜில் இறக்கினால், கராஜ்காரக் காக்கா (அண்ணன்) ரேடியேற்றரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார், செங்கல் தூள் மாதிரிக் கொட்டியது.

"எந்தத் தண்ணி ஊத்துற நீங்க தம்பி?"

"வீட்டுக் கிணத்துத் தண்ணிதான் காக்கா."

"அதக் குடிப்பீங்களா?"

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற கிணறு, உப்புத்தான், நாங்கள் குடிக்கிறதில்லை. காருக்கு மட்டும் பத்து வருசமாகக் கொடுத்திருக்கிறேன். ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவி, கேஸ்கட் மாற்றி, ரேடியேற்றருக்குப் புதுக் கோர் போட்டோம். இப்போது கூலன்ற்தான், அதில் கலக்க கார்த்திகை மழையில் பிடித்த தண்ணீர் இரண்டு கேன் தனியாக வைத்திருக்கிறேன்.

பெற்றோல் விசயத்தில் வேகன் கஞ்சன் இல்லை, லீற்றருக்குப் பத்து, நெடுந்தூரம் என்றால் பதினொன்று. 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றபோது சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். ஏசி இல்லை, சித்திரை மாசம் மத்தியானம் யாரையும் ஏற்ற வெட்கமாக இருக்கும். ஆனால் பின்னால் வில்லுத் தகடு, ஆறு மூட்டை நெல்லைப் போட்டாலும் முனகாது.

2020 இல் வாகன இறக்குமதி நின்றபிறகு புரோக்கர்மார் மாறி மாறி வந்தார்கள், ஒருவர் நான் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு சொன்னார். பொனட்டைத் திறந்து எஞ்சினைத்தான் பார்த்தார். விரிப்பைத் தூக்கச் சொன்னேன், தூக்கவில்லை, நானும் விற்கவில்லை. இப்போது இடது பின்சக்கர வளைவில் பெயின்ற் கொப்பளித்திருக்கிறது, மழைக்கு முதல் வெட்ட வேண்டும்.