எண்ணியல் நூலகங்களுடன் பல ஆண்டுகள்: வேகமும் கடைசி இலக்கமும்

ஆப்ஷன் (பங்கு போன்றவற்றைக் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) விலையிடலுக்கும் போர்ட்ஃபோலியோ இடர்க் கணக்கீட்டுக்குமான மென்பொருள்களைப் பல ஆண்டுகளாக எழுதிப் பராமரித்து வருகிறேன். இந்தப் பணியில் ஓப்பன்பிளாஸ், இன்டெல் எம்கேஎல், நாக் ஆகிய எண்ணியல் நூலகங்களை (கணிதக் கணக்குகளுக்கான ஆயத்தச் சார்புகளின் தொகுப்புகளை) நெடுநாள் பயன்படுத்தியிருக்கிறேன். வேக ஒப்பீட்டு வரைபடத்தை மட்டும் பார்த்து நூலகத்தைத் தேர்ந்தெடுப்பது போதாது என்பதே என் கருத்து.

வேகம் பெரும்பாலும் நாம் அழைக்கும் முறையில்தான் இருக்கிறது. சமவாய்ப்பு எண்களால் விலையின் போக்கைப் பலமுறை உருவகித்துச் சராசரி காண்பது மான்டே கார்லோ முறை; ஒவ்வோர் உருவகமும் ஒரு பாதை. ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனியாக வெக்டர் பெருக்கலை அழைத்தால், நினைவகத்திலிருந்து தரவு வந்து சேர்வதற்காகவே செயலி காத்துக் கிடக்கும். பாதைகளை ஓர் அணியாக (மேட்ரிக்ஸாக) திரட்டி, ஒரே அணிப் பெருக்கலாக அழைத்தால், n × n அணிகளில் n² அளவிலான தரவின் மீது n³ அளவிலான கணக்கு நடப்பதால், கேஷில் (செயலியை ஒட்டிய வேக நினைவகத்தில்) ஒருமுறை ஏறிய எண் பலமுறை பயன்படுகிறது. அடிப்படை அணிக் கணக்குகளுக்கான பொது வரையறையான பிளாஸின் மூன்றாம் நிலைச் சார்புகள் (அணியை அணியால் பெருக்குபவை போன்றவை) 1990-இல் வரையறுக்கப்பட்டதன் நோக்கமே இதுதான். மற்றொன்று: வெளிச்சுற்று ஏற்கெனவே எல்லாக் கோர்களிலும் ஓடும்போது நூலகமும் தன் பங்குக்கு இழைகளை (ஒரே நேரத்தில் ஓடும் கிளைப் பணிகளை) திறந்தால் வேகம் சரியும், அத்தகைய இடங்களில் நூலகத்தின் இழை எண்ணிக்கையை ஒன்றாக வைத்துவிடுவேன்.

நீண்ட காலப் பயன்பாட்டில் அதிக உழைப்பைக் கோரியது விடையின் மறுநிகழ்வுத் தன்மை. இரட்டைத் துல்லிய எண்ணில் ஏறத்தாழ 16 இலக்கங்கள் இருந்தாலும், கூட்டலின் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும். இழைகளின் எண்ணிக்கையோ செயலியின் தலைமுறையோ மாறினால் அந்த வரிசையும் மாறக்கூடும். விலையில் இது கண்ணுக்கே தெரியாது. ஆனால் டெல்டா (அடிப்படைச் சொத்தின் விலைக்கேற்ப ஆப்ஷன் விலை மாறும் வீதம்), காமா (அந்த டெல்டாவே மாறும் வீதம்) போன்ற உணர்திறன்களை உள்ளீட்டைச் சற்றே அசைத்து வித்தியாசம் கண்டு கணக்கிடும்போது, அந்த நுண்ணிய இரைச்சல் மிகச் சிறிய எண்ணால், காமாவில் அதன் வர்க்கத்தாலேயே, வகுக்கப்பட்டுப் பெருகுகிறது. நேற்றைய அறிக்கையை இன்று மறுபடி ஓட்டி அதே எண்ணைக் காட்டும்படி தணிக்கையாளர் கேட்டால், 'ஏறத்தாழ அதே' என்ற பதில் எடுபடாது. எம்கேஎல்லில், பயன்படுத்தும் செயலிக் கட்டளைத் தொகுதியை நிலைநிறுத்தி விடையைப் பிட் அளவில் ஒன்றாக்கும் வசதி உண்டு. அதற்கு வேகத்தில் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டும். அறிக்கைக்கான ஓட்டங்களில் தயங்காமல் கொடுக்கிறேன்.

நூலகம் தோல்வியை எப்படித் தெரிவிக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். விடுபட்ட தரவுகளுடன், சோடி சோடியாகக் கணித்த ஒட்டுறவு அணி (சொத்துகள் எந்த அளவுக்குச் சேர்ந்து நகர்கின்றன என்பதைக் காட்டும் அணி) நேர்வரையறை உடையதாக (எல்லா ஐகன் மதிப்புகளும் நேர் எண்களாக) இராமல் போகலாம். அப்போது, ஒட்டுறவுள்ள சமவாய்ப்பு எண்களை உருவாக்க அந்த அணியை முக்கோண அணிகளாகப் பிரிக்கும் சோலெஸ்கி பகுப்பு முறியும். பிளாஸின் மேல் கட்டப்பட்ட லாபேக் நூலகத்தின் பகுப்புச் சார்பு, அணியின் எத்தனையாவது வரிசையில் முறிந்தது என்பதை ஒரு முழு எண்ணாகத் திருப்பித் தருகிறது. அந்த எண்ணைச் சோதிக்காத நிரல், பாதியில் நின்ற அணியைக் கொண்டே விலையைக் கணித்துவிடும். நாக் நூலகத்தில் மிக அருகிலுள்ள ஒட்டுறவு அணியைக் கண்டறியும் ஆயத்தச் சார்புகள் உள்ளன; உரிமக் கட்டணத்தை நியாயப்படுத்த எனக்கு இந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

சமவாய்ப்பு எண்களைப் பொறுத்தவரை, மான்டே கார்லோவில் பிழை பாதை எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கேற்பவே குறைவதால், ஓர் இலக்கத் துல்லியம் கூட 100 மடங்கு பாதைகள் வேண்டும். சமவாய்ப்பு எண்களுக்குப் பதிலாக வெளியைச் சீராக நிரப்பும் சோபோல் தொடர் பல இடங்களில் இச்செலவை வெகுவாகக் குறைத்திருக்கிறது. தடை ஆப்ஷன்களை (விலை ஒரு வரம்பைத் தொட்டால் செயல்படத் தொடங்கும் அல்லது ரத்தாகும் ஆப்ஷன்களை) போலத் தொடர்ச்சியற்ற ஆதாயம் கொண்டவற்றில் அதன் பலன் மங்குகிறது.

இன்று புதிதாகத் தொடங்கினால், ஓப்பன்பிளாஸில் எழுதி, பிளாஸ், லாபேக் அழைப்புகள் அனைத்தையும் ஒரு மெல்லிய இடை அடுக்கின் பின்னே வைப்பேன். பின்னர் வணிக நூலகத்துக்கு மாற நேர்ந்தால் அந்த அடுக்கை மட்டும் திருத்தினால் போதும்.