தொலைமருத்துவம்: சட்டம் படித்தவருக்கு எந்த நாற்காலி?

அண்ணன் மகள் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் ஹாவர்ட் காலேஜில் சட்டம் முடிக்கப் போகிறாள். போன ஞாயிறு வீட்டுக்கு வந்தவள், "அத்தை, தொலைமருத்துவச் சட்டத்தில்தான் வேலை செய்யணும். கம்பெனியா, கோர்ட்டா, கவுன்சிலா?" என்று கேட்டாள். போனிலோ வீடியோவிலோ டாக்டர் நோயாளியைப் பார்ப்பதுதான் தொலைமருத்துவம்; கவுன்சில் என்பது டாக்டர்களைப் பதிவு செய்து கட்டுப்படுத்தும் அமைப்பு. அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலும் வேறு பிள்ளைகள் இருப்பார்கள்.

கம்பெனி என்றால் மருத்துவக் காப்புத் திட்டங்கள், வீடியோவில் டாக்டரைக் காட்டும் ஆப் நிறுவனங்கள், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பெரிய சட்ட அலுவலகங்கள். மூன்று வழிகளில் சம்பளம் கூடுதல் இங்கேதான். அன்றாட வேலையில் பெரும்பகுதி 'போப்பியா', அதாவது 2013-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்து, ஓராண்டு அவகாசம் முடிந்தபின் பிடி இறுகியது. நோய் விவரங்களுக்கு அதில் தனிப் பாதுகாப்பு உண்டு. அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் 72-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். அபராதம் 10 மில்லியன் ராண்ட் வரை போகலாம்.

என் அம்மா ஒரு ஆப் வழியாக டாக்டரிடம் பேசினார். அந்தப் பேச்சின் பதிவு எங்கே இருக்கிறது, யாரெல்லாம் பார்க்கலாம் என்று நான் எழுதிக் கேட்டேன். மூன்று மாதம் ஆகியும் பதில் இல்லை. அக்கறையுள்ள ஒரு வக்கீல் அந்த அலுவலகத்துக்குள் இருந்திருந்தால் பதில் வந்திருக்கும். அதனால் கம்பெனி வேலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அங்கே விதியைப் பின்பற்ற வைக்கலாம், அவ்வளவுதான். விதியை எழுதுவது வேறு இடம்.

கோர்ட் பக்கம் போனால் 'செக்‌ஷன்27' போன்ற பொதுநல அமைப்புகள் இருக்கின்றன. அரசியல் சட்டத்தில் சுகாதார உரிமையைச் சொல்லும் பிரிவின் எண்தான் அந்தப் பெயர். 1997-இல் டயாலிசிஸ் கேட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போய்த் தோற்றவர் நம் டர்பன்காரர் தியாகராஜ் சுப்ரமணி. 2002-இல், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கேட்ட வழக்கு வென்றது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் படிக்காமல் யாரும் இந்தத் துறைக்குள் வரக்கூடாது. ஆனால் வழக்குக்கு வருஷங்கள் ஆகும், தொலைமருத்துவமோ மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

சரி, கவுன்சில். என் மனம் இங்கேதான் நிற்கிறது. தென்னாப்பிரிக்காவில் தொலைமருத்துவத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. சுகாதாரத் தொழிலர் கவுன்சில், அதாவது எச்பிசிஎஸ்ஏ, வெளியிடும் 10-ஆம் கையேடுதான் டாக்டர்களைக் கட்டுப்படுத்துகிறது. முன்பே பார்த்துப் பழகிய நோயாளியிடம்தான் பொதுவாக இப்படி வைத்தியம் பார்க்கலாம் என்று அதில் இருந்தது. 2020 மார்ச் 26-இல், ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், கவுன்சில் புதிய வழிகாட்டுதல் கொடுத்தது. ஏப்ரல் 3-இல் அதையும் திருத்தி, பழைய பழக்கம் இல்லாத நோயாளியையும் அவருடைய நலனுக்கு ஏற்றதென்றால் பார்க்கலாம் என்றது. ஒரு வாக்கியம் மாறியதும் புது டாக்டரிடமும் போனில் பேச வழி திறந்தது. கோர்ட்டில் இவ்வளவு வேகமாக எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை.

குறையும் உண்டு. கவுன்சிலின் கை பதிவு செய்த டாக்டர் வரைதான் எட்டும், ஆப் நடத்தும் கம்பெனியைத் தொடாது. அப்புறம், கவுன்சில் இருக்கும் பிரிட்டோரியாவுக்குக் குடிபோக வேண்டும், சம்பளமும் கம்பெனி அளவுக்கு வராது. எத்தனையோ நாள் கமிட்டியிலேயே கழியும். இருந்தும் அந்த இடைவெளியை அடைக்கும் வரைவை எழுதத் தெரிந்தவர்கள் அங்கேயும் சுகாதாரத் துறையிலும்தான் தேவை. 2024 மே 15-இல் கையெழுத்தான தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் நோயாளிகளின் தகவலுக்கென ஒரு தளத்தையும் பேசுகிறது. அந்த வேலை இனிமேல்தான்.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2003-இன் தேசியச் சுகாதாரச் சட்டம் 6-ஆம் பிரிவில், முடிந்தவரை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்கிறது. அரசியல் சட்டமும் மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அம்மா ஆங்கிலம் பேசுவார், ஆனால் வலியைச் சொல்லத் தமிழ்தான் வரும். அந்த ஆப்பில் அவர் 'சம்மதம்' என்று அழுத்திய பக்கம் முழுக்கப் பொடி எழுத்து ஆங்கிலம்.

அதனால் அவளுக்கு என் யோசனை இது: இரண்டு வருஷ ஆர்ட்டிகிள்ஸை, அதாவது வக்கீலாவதற்கு முந்தைய பயிற்சியை, மருத்துவ வழக்குகள் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் முடி, கம்பெனிகள் எப்படி ஒப்பந்தம் எழுதுகின்றன என்று கற்றுக்கொள், பிறகு பிரிட்டோரியாவுக்கு மனுப் போடு. வரும் ஞாயிறுக்குள் அந்தக் கையேட்டைப் படித்துவிட்டு, ஒரு சம்மதப் படிவத்தைப் பாட்டிக்குப் புரிகிற தமிழில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.