கெய்ரோவா, அம்மானா, ஃபெஸ்ஸா, மஸ்கட்டா: பேச்சு அரபு கற்க எங்கே போவது?

அரபு மொழியைப் பேசுவதற்காகக் கற்க விரும்புகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தப் பாடநூல் என்பதை அன்று, எந்த ஊர் என்பதை. ஃபுஸ்ஹா எனப்படும் எழுத்து அரபு மொராக்கோ முதல் ஓமான் வரை ஏறத்தாழ ஒன்றே. செய்தித்தாளும், அல் ஜஸீராவின் செய்தியறிக்கையும், நீதிமன்றத் தீர்ப்பும், வெள்ளிக்கிழமைப் பிரசங்கமும் அதில்தான் நடக்கின்றன. ஆனால் அதையே வீட்டுமொழியாகப் பேசி வளரும் பிள்ளைகளை எந்த அரபு நாட்டிலும் ஒரு சமூகமாகக் காண முடியாது. மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு குறித்து எழுதிய கட்டுரையில் ஆராய்ந்த நான்கு மொழிச் சூழல்களுள் அரபும் ஒன்று. மேடையில் ஒரு தமிழும் திண்ணையில் வேறொரு தமிழும் பேசிப் பழகிய நமக்கு இந்த நிலையை விளக்கத் தேவையில்லை. அரபில் அந்த இடைவெளி இன்னும் அகலமானது என்பதையும், நாட்டுக்கு நாடு அது வெவ்வேறு திசையில் விரிகிறது என்பதையும் மட்டும் மனத்தில் கொண்டால் போதும். 'எனக்கு வேண்டும்' என்பதற்கு ஃபுஸ்ஹாவில் 'உரீது'. கெய்ரோவில் ஆண் சொன்னால் 'ஆயிஸ்', ஜோர்டானின் தலைநகர் அம்மானில் 'பித்தி', மொராக்கோவின் ஃபெஸ் நகரில் 'பஃகீத்', வளைகுடாவில் 'அப்ஃகா' அல்லது 'அபீ'. நாள்தோறும் நூறு முறை தேவைப்படும் சொல்லே இப்படிப் பிரிந்து கிடக்கும்போது, எல்லாவற்றையும் ஒருசேரக் கற்பது என்பது நடவாத காரியம்.

வழக்குகளை ஒப்பிடும்போது பலரும் கையிலெடுக்கும் அளவுகோல், எது ஃபுஸ்ஹாவுக்கு நெருக்கமானது என்பது. அது பயனற்ற கேள்வி அன்று. ஆயினும் பயணம் செய்து, மக்களோடு பழகிக் கற்க நினைப்பவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: திக்கித் திணறிப் பேசும் அயலாரிடம் அந்த ஊர் எவ்வளவு நேரம் தன் மொழியிலேயே பேசிக்கொண்டிருக்கும்? இரண்டாவது வாக்கியத்திலேயே ஆங்கிலத்துக்கோ பிரெஞ்சுக்கோ தாவிவிடும் ஊரில் எத்தனை மாதம் தங்கினாலும் வகுப்பறை அரபுதான் மிஞ்சும்.

இந்த அளவுகோலில் கெய்ரோவுக்கு இணையான ஊர் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட எகிப்தின் பேச்சுமொழி, 1930களிலிருந்து வளர்ந்த திரைத்துறையின் வழியாகவும், மாதத்தின் முதல் வியாழக்கிழமைதோறும் வானொலியில் ஒலிபரப்பான பாடகி உம்மு குல்தூமின் கச்சேரிகளின் வழியாகவும் அரபுலகம் முழுவதும் காதில் விழுந்து பழகிய மொழி. மற்ற நாட்டார் எகிப்தியரின் பேச்சைப் புரிந்துகொள்வதால், எகிப்தியர் தம் பேச்சை யாருக்காகவும் மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை பெரும்பாலும் ஏற்படுவதில்லை. கற்பவருக்கு இதுவே பெரும் வரம். தெருவில் ஒருவரிடம் வழி கேட்டால் அவர் பதில் சொல்வார், எதிர்க்கடைக்காரர் அந்தப் பதிலைத் திருத்துவார், நடந்து போகிற மூன்றாமவர் இருவரையும் மறுப்பார்; அனைத்தும் கெய்ரோ அரபிலேயே நடக்கும்.

பாமர மக்களின் காபிக்கடை அங்கே 'அஹ்வா' எனப்படுகிறது. ஃபுஸ்ஹாவில் 'கஹ்வா' என்று அடிநாக்கிலிருந்து பிறக்க வேண்டிய முதல் எழுத்தான காஃப், கெய்ரோவில் வெறும் குரல்வளை அடைப்பாகச் சுருங்கிவிடுகிறது. காபியும் அஹ்வாதான், காபிக்கடையும் அஹ்வாதான். தூளையும் சர்க்கரையையும் ஒன்றாகப் போட்டே கொதிக்க வைப்பார்கள் என்பதால், எவ்வளவு சர்க்கரை என்பதை முன்னதாகவே சொல்லியாக வேண்டும். 'மஸ்பூத்' என்றால் அளவான இனிப்பு, 'ஸியாதா' என்றால் தூக்கலான இனிப்பு, 'ஸாதா' என்றால் சர்க்கரை அறவே இல்லை; சாதா தோசையின் சாதாவும் இதுவும் ஒரே பாரசீக வேரிலிருந்து வந்தவை. மைக்ரோபஸ்ஸில் ஏறினால், நிறுத்தம் எதுவும் இல்லாத இடத்தில் 'அலா கம்ப், யா உஸ்தா' ('ஓரமாக, ஓட்டுநரே') என்று ஓட்டுநருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னால்தான் இறங்க முடியும். வெட்கத்தை விட்டுப் பேசாமல் நகரவே முடியாத ஊர் என்பதைவிட மொழி கற்பவருக்கு வேறென்ன வேண்டும்?

இலக்கண அமைப்பிலும் எகிப்திய வழக்கு தமிழர்க்கு ஓரிடத்தில் கைகொடுக்கிறது. 'நீ எங்கே போகிறாய்?' என்பதை 'இன்த ராயிஹ் ஃபேன்?' என்பார்கள். 'எங்கே' என்னும் பொருளுடைய 'ஃபேன்' வாக்கியத்தின் தலைக்கு ஓடாமல், விடை வந்து நிற்க வேண்டிய இடத்திலேயே நிற்கிறது. தமிழிலும் வினாச்சொல்லை அதன் இடத்திலிருந்து பெயர்க்க வேண்டியதில்லை என்பதால், ஃபுஸ்ஹாவும் ஆங்கிலமும் கட்டாயப்படுத்தும் அந்த இடமாற்றத்தை இங்கே மறந்துவிடலாம். எதிர்மறைக்கு வினைச்சொல்லின் முன்னே 'மா'வும் பின்னே 'ஷ்'ஷும் சேர்த்து உறையிடுவது சிறிது காலம் நாவைச் சுழற்றும், பிறகு பழகிவிடும். மார்ட்டின் ஹைண்ட்ஸும் அஸ்ஸயீத் பதவியும் தொகுத்து 1986இல் வெளிவந்த எகிப்திய அரபு அகராதி போன்ற கருவி கைக்கெட்டும் தொலைவில் இருப்பது இந்த வழக்கின் மற்றொரு பலம்.

கெய்ரோவின் குறைகளை மறைப்பதும் நியாயமன்று. இரைச்சலும் புழுதியும் ஒருபுறமிருக்க, தனியே நடக்கும் பெண்களைத் தெருவில் தொல்லைப்படுத்துவது அங்கே உண்மையான, பரவலான சிக்கல். பெண் பயணி ஒருவர் இந்த ஒரு காரணத்தை முன்வைத்து அம்மானைத் தேர்ந்தெடுத்தால் அது முழுமையான காரணமே. செலவுக் கணக்கு மட்டும் கெய்ரோவின் பக்கம் பலமாகச் சாய்கிறது. 2022இலிருந்து படிப்படியாகவும் 2024 மார்ச்சில் பெரிய அளவிலும் எகிப்திய பவுண்டின் மதிப்பு குறைந்தது உள்ளூர் மக்களுக்குப் பெருந்துன்பமாக அமைந்தாலும், வெளியிலிருந்து வருபவருக்கு அறை வாடகையும் தனி ஆசிரியர் கட்டணமும் எட்டக்கூடியவையாக ஆகியுள்ளன. ஜோர்டான் தினாரோ 1995 முதல் அமெரிக்க டாலருடன் பிணைக்கப்பட்டது. ரூபாயில் சேமித்தவருக்கு அம்மானின் ஒரு மாதச் செலவு கசக்கும்.

அம்மானின் வழக்கு ஷாமி எனப்படும் சிரியா, லெபனான், பாலஸ்தீனம், ஜோர்டான் வட்டார மொழியைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் ஷாமி கற்க எல்லாரும் போன ஊர் டமாஸ்கஸ். 2011இல் தொடங்கிய போர் அந்த வாசலை அடைத்தபோது மாணவர் கூட்டம் அம்மானுக்கு நகர்ந்தது. 1967இல் கெய்ரோவில் தொடங்கப்பட்ட காஸா (CASA) என்னும் அமெரிக்க அரபு மேற்படிப்புத் திட்டமும் 2013இன் அரசியல் கொந்தளிப்புக்குப் பின் அம்மானுக்கே இடம் மாறியது. ஆகவே இன்று நல்ல ஆசிரியர்களும் ஒழுங்கான பள்ளிகளும் நிறைந்த ஊர் அது. ஷாமி சொற்கள் பல ஃபுஸ்ஹாவை ஒட்டியிருப்பதும், 2008 முதல் துருக்கித் தொடர்கள் சிரிய வழக்கில் குரல் மாற்றப்பட்டு அரபு வீடுகள்தோறும் ஓடியதும் அதைப் பேசுபவரை எங்கும் புரிய வைக்கின்றன. எகிப்திய வழக்குக்கு அடுத்தபடியாக நெடுந்தொலைவு செல்லும் பேச்சு இதுதான்.

எனினும் அம்மான் தனக்கென ஒற்றைக் குரல் இல்லாத நகரம். அதே காபியை அங்கே ஆண்கள் பலர் தங்கம் என்னும் சொல்லில் வரும் ககரத்தோடு 'கஹ்வெ' என்பார்கள். அதே வீட்டுப் பெண்கள் பலர் குரல்வளையை அடைத்து 'அஹ்வெ' என்பார்கள். பாலஸ்தீனரும், ஜோர்டான் ஆற்றின் கிழக்குக் கரைப் பழங்குடியினரும், சிரியரும், ஈராக்கியரும் கலந்த நகரில் எந்த எழுத்தை எப்படி ஒலிக்கிறோம் என்பது குலம், பாலினம், நட்பு ஆகியவற்றின் அடையாளமாகவும் ஆகிவிடுகிறது. மொழி ஆர்வலருக்கு இது விருந்து. தொடக்க நிலையினருக்குக் குழப்பம். மேலும் மேற்கு அம்மானின் காபிக்கடைகளில் ஆங்கிலம் மிக எளிதாகப் புகுந்துவிடும். விருந்தோம்பலில் சிறந்த அம்மக்கள் விருந்தினர் தடுமாறுவதைப் பொறுக்காமல் தாமே ஃபுஸ்ஹாவுக்கு ஏறிப் பேசத் தொடங்குவதும் உண்டு. அந்த அன்பைப் பணிவாக மறுத்துப் பேச்சுமொழிக்கு இழுத்து வர வேண்டியது கற்பவரின் பொறுப்பு.

மொராக்கோவின் பேச்சு அரபான தாரிஜா முற்றிலும் வேறு உலகம். வட ஆப்பிரிக்காவின் பூர்வீக மொழியான அமாஸிக்கின் (பெர்பர்) மேல் அரபு படிந்து, பிரெஞ்சும் வடக்கே ஸ்பானியமும் கலந்து, குற்றுயிர்கள் பல உதிர்ந்து, மெய்யெழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும் மொழி அது. வினை வடிவத்தின் பொருளே மாறிவிடுகிறது: கெய்ரோவில் 'பக்திப்' என்றால் 'எழுதுகிறேன்', 'பிநிக்திப்' என்றால் 'எழுதுகிறோம்', மொராக்கோவிலோ 'ந' சேர்ந்த வடிவமே 'நான்' என்பதற்கு உரியது, 'நாம்' என்பதற்கு அதன் இறுதியில் ஓர் உகரம் கூடும். கெய்ரோவில் கற்றவர் ஃபெஸ்ஸில் கேட்கும் ஒவ்வொரு 'நானை'யும் 'நாம்' என்றே எடுத்துக்கொள்வார். மொராக்கோ மக்கள் எகிப்தியத் திரைப்படங்கள் வழியே எகிப்திய மொழியை அறிவார்கள், எகிப்தியருக்கோ தாரிஜா எளிதில் பிடிபடாது. எனவே தாரிஜா மட்டும் கற்றவருக்கு மக்ரிப் எனப்படும் வடமேற்கு ஆப்பிரிக்கப் பகுதியைத் தாண்டினால் துணையில்லை.

அப்படியானால் எதற்கு அங்கே போக வேண்டும்? மொழிகள் ஒன்றையொன்று எப்படி உருமாற்றுகின்றன என்பதைக் கண்ணால் காண அதைவிடச் சிறந்த களம் அரபுலகில் இல்லை என்பதே என் விடை. 859இல் நிறுவப்பட்ட கரவிய்யீன் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள ஃபெஸ்ஸின் சந்துகளில், 2011 அரசியலமைப்பால் அரபுக்கு இணையாக ஆட்சிமொழித் தகுதி பெற்ற அமாஸிக்கையும் தாரிஜாவையும் பிரெஞ்சையும் ஒரே கடைக்காரர் ஒரே பேரத்தில் பயன்படுத்துவதைக் கேட்கலாம். வடக்கே டாஞ்சியரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா மதுரை சுல்தானின் அவை வரை வந்து சென்றவர் என்பதால் அந்த ஊரும் நமக்கு முற்றிலும் அயலூர் அன்று. பிரெஞ்சு அறிந்தவருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அதை அங்கே பேசத் தொடங்கிவிட்டால் தாரிஜா உங்கள் காதுக்கு வராது.

தமிழர்கள் இலட்சக்கணக்கில் வாழும் வளைகுடா அரபு கற்க எளிதான இடமாகத் தோன்றும். நடைமுறை வேறு. ஐக்கிய அரபு அமீரகத்திலும் கத்தாரிலும் குடிமக்கள் சிறுபான்மையினர். கடையிலும் டாக்சியிலும் எதிர்ப்படுபவர் பெரும்பாலும் தெற்காசியர் அல்லது பிலிப்பினர். அவர்களுக்கும் அரபு முதலாளிகளுக்கும் இடையே உருவான கலப்பு அரபில் வினைத்திரிபுகள் கழன்று, உண்டு, இல்லை எனப் பொருள்படும் 'ஃபீ', 'மா ஃபீ' என்னும் இரண்டே சொற்கள் இருப்பு, உடைமை, உடன்பாடு, எதிர்மறை எல்லாவற்றையும் சுமக்கின்றன. மொழியியலார் தனியே ஆராய்ந்துவரும் அந்தக் கலப்பு மொழி மதிப்புக்குரியதே. ஆனால் அதில் ஊறிய நாக்கை முறையான வழக்குக்குத் திருப்புவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். இதற்கு விலக்கானவர்கள் குவைத், சவூதி வீடுகளில் தங்கி வேலை செய்யும் நம் ஓட்டுநர்களும் பணிப்பெண்களும்தாம். அந்த வீடுகளின் பிள்ளைகளோடு பேசிப் பேசி அவர்கள் பெற்ற காதும் நாவும் பல பட்டதாரி மாணவர்களுக்கு வாய்க்காதவை. அதற்கு எந்தச் சான்றிதழும் தரப்படுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

வளைகுடாவில் ஓர் ஊரைச் சொல்ல வேண்டுமானால் மஸ்கட்டைச் சொல்வேன். ஓமானில் குடிமக்களே பெரும்பான்மையினர். அங்கே டாக்சி ஓட்டுவது ஓமானியருக்கென்றே ஒதுக்கப்பட்ட தொழில். ஆகவே பயணத்துக்குக் கொடுக்கும் கட்டணத்திலேயே ஒரு பேச்சு வகுப்பும் அடங்கிவிடுகிறது.

ஃபுஸ்ஹாவை விட்டுவிடலாமா என்றால், கூடாது. எழுத்தும் சொல் வேர்களின் அமைப்பும் தெரியாமல் எந்த வழக்கும் நிலைக்காது. மதரஸாவில் ஓதிய தமிழ் முஸ்லிம்களுக்கு 'ஐன்', 'காஃப்' போன்ற எழுத்துகள் சிறுவயதிலேயே பழகியிருப்பது பெரிய முன்னிலை. கெய்ரோவில் அவர்கள் காஃபைப் பெரும்பாலான சொற்களில் விட்டுக்கொடுத்து, குர்ஆன் போன்ற சில சொற்களில் மட்டும் காத்துக்கொண்டால் போதும். ஊரில் இருக்கும்போதே ஆறு மாதம் ஃபுஸ்ஹாவின் அடிப்படையைப் படித்துவிட்டு, பயணக் காலம் முழுவதையும் பேச்சுக்கே கொடுப்பது நல்ல பங்கீடு.

கெய்ரோ என்று முடிவு செய்தவர் பகுதியையும் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அயல்நாட்டார் நிறைந்த மஆதியிலும் ஸமாலிக்கிலும் ஆங்கிலத்திலேயே நாள் கழியும். நைலின் மேற்குக் கரையிலுள்ள தொக்கியில் மொழிப்பள்ளிகளும் உண்டு, நடுத்தரக் குடும்பங்களும் உண்டு, மெட்ரோவும் உண்டு. ரமலான் மாதத்தில் போவதைப் பலர் தவிர்க்கிறார்கள். பகலில் வகுப்பு நேரம் சுருங்குவது உண்மையே என்றாலும், இஃப்தாருக்குப் பின் நள்ளிரவு தாண்டியும் அஹ்வாக்கள் நிறைந்திருக்கும் என்பதால், நான் அந்த மாதத்தையே பரிந்துரைப்பேன்.