சுங்கை பூலோ: கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள்

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போய்வந்தோம் என்று சொன்னால் நம்மவர்கள் முதலில் கேட்பது "முதலை பாத்தீங்களா?" என்றுதான். முதலை இருக்கிறது, உடும்பு பாதையின் குறுக்கே நடக்கும், நீர்நாய்க் கூட்டம்கூட சில நாள் கண்ணில் படும். ஆனால் முதலை தெரியவில்லை என்று அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே நின்று பார்க்க வேண்டியது அந்தச் சேற்றைத்தான்.

போவதற்கு முன் கடல் ஏற்ற இறக்க நேரத்தைப் பாருங்கள். தண்ணீர் வற்றியிருக்கும்போது மரப்பலகைப் பாதையில் அசையாமல் நில்லுங்கள், முதலில் ஒன்றுமே தெரியாது, அப்புறம் சேறு முழுக்க அசைய ஆரம்பிக்கும். சேற்றுத்தாவி மீன்கள் முன்துடுப்பை ஊன்றி நகர்ந்து ஒன்றையொன்று விரட்டும், நண்டுகள் வளையிலிருந்து எட்டிப் பார்க்கும், சேற்று இறால் தோண்டித் தள்ளிய மண் மேடு மேடாகக் கிடக்கும். அலையாத்தி மரத்தின் மூச்சு வேர்கள் பென்சில்களை நட்டுவைத்தது போல நிற்கும். பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு வேர்கள் புதிதில்லை, இங்கே நின்று நிதானமாகப் பார்க்கலாம் என்பதுதான் வசதி.

நாற்றம் அடிக்கிறது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அடிக்கத்தான் செய்யும். நீர் ஊறிய அந்தச் சேற்றுக்குள் ஆக்சிஜன் கிடையாது, அது இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வெளியிடும் கந்தக வாயுதான் அந்த வாடை. அதே காரணத்தால்தான் விழுந்த இலையும் செத்த வேரும் லேசில் மட்காமல், மரம் காற்றிலிருந்து எடுத்த கரிமம் மண்ணுக்குள்ளேயே நூற்றாண்டுக் கணக்கில் தங்கிவிடுகிறது. இந்திய, பசிபிக் கடலோரக் கண்டல் காடுகளை, அதாவது இந்த அலையாத்திக் காடுகளை, அளந்து 2011இல் வந்த ஆய்வு, ஒரு ஹெக்டேருக்குச் சராசரியாக 1,000 டன்னுக்கு மேல் கரிமம் இருப்பதாகச் சொன்னது, அதில் பெரும்பகுதி மண்ணில். மரத்தை வெட்டிச் சேற்றைக் கிளறினால் அது கரியமில வாயுவாக மறுபடி மேலே போய்விடும். 1819வாக்கில் சிங்கப்பூரில் சுமார் 75 சதுர கிலோமீட்டர் கண்டல் காடு இருந்தது, இன்று அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஒரு காலத்தில் இறால் பண்ணைக் குளங்கள் இருந்த இந்த இடம் 1993இல் பூங்காவாகத் திறக்கப்பட்டு 2002இல் சட்டப்படி இயற்கைக் காப்பகம் ஆனது, அது நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

செப்டம்பரிலிருந்து மார்ச் வரை போகிறவர்கள் மட்டும் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். சைபீரியப் பக்கமிருந்து வரும் பவளக்காலி போன்ற கரையோரப் பறவைகள் கடல் ஏறும் நேரத்தில்தான் சேற்றுவெளியை விட்டுக் குளங்களுக்குள் வந்து ஓய்வெடுக்கும், அதனால் ஏற்றத்தில் தொடங்கி வற்றும்வரை இருந்தால் இரண்டும் கிடைக்கும். பறவை பார்க்கும் குடிலுக்குள் கைப்பேசியில் பாட்டுப் போடாதீர்கள், தயவுசெய்து. அவ்வளவு தூரம் பறந்து வந்த உயிர்கள் அவை.

நுழைவுக் கட்டணம் கிடையாது. காலையில் சீக்கிரம் போங்கள், தண்ணீரும் கொசு மருந்தும் கட்டாயம், பிள்ளைகளைப் பாதையை விட்டு இறங்க விடாதீர்கள், முதலை இருக்கும் இடம் அது.