தனிநடிப்பு: கோயில் வீதியா, மண்டபமா?

ஒருவரே நின்று நாலு பாத்திரம் பேசுவதென்றால் இடத்தைப் பார்த்துத்தான் பிரதி எழுதவேண்டும். யாழ்ப்பாணத்துக் கோயில் வீதியில் கச்சான் விற்பவரின் குரலும் ஜெனரேட்டர் இரைச்சலும் போட்டிக்கு நிற்கும்; 15 நிமிடத்துக்கு மேல் இழுத்தால் ஆக்கள் எழும்பிவிடுவினம். பெரிய கையசைவு வேண்டும், பாட்டு வேண்டும். அரிச்சந்திரன் கதையைச் சொல்லும் மயான காண்டம் இசை நாடகத்தில் ஈழத்து நடிகர் நடிகமணி வி. வி. வைரமுத்து சனத்தைக் கட்டிவைத்ததும் பாட்டால்தானே.

புதியவருக்கு யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபம் போன்ற உள்ளரங்குதான் சரி. அங்கே மௌனமும் வேலை செய்யும். குரலை மட்டும் மாற்றினால் மூன்றாவது பாத்திரத்தோடு எல்லாம் ஒன்றாகிவிடும்; ஆளுக்கொரு பார்வைத் திசை வைத்துக்கொள்ளுங்கள், முகத்தைச் சற்றுத் திருப்பினாலே போதும். சட்டையில் குத்தும் மைக்கில் சால்வை உரசினால் கரகரக்கும். சால்வையை மற்றத் தோளில் போடுங்கள்.