நீலத் தண்ணீரில் ஃபைட்டர் மீன் விற்றால் வாங்காதீர்கள்

சென்னையில் ஃபைட்டர் மீன் வாங்கப் போகிறவர்களுக்காகவும், வாங்கிய மீன் மூலையில் ஒடுங்கிக் கிடப்பதைப் பார்த்துப் பதறி அதே கடைக்கு மருந்து வாங்க ஓடுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். இதே வேலையை இன்னும் பல கடைகள் செய்கின்றன, ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும் என்பது இன்னொரு காரணம்.

கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் பலூன் என்று எங்கள் ஏரியாவில் புதிதாகத் திறந்த கடை அது. உள்ளே ஒரு அலமாரி முழுக்கப் பிளாஸ்டிக் கப்புகள், கப்புக்கு ஒரு ஃபைட்டர். எல்லாக் கப்பிலும் தண்ணீர் நல்ல நீல நிறம். போதாததற்கு மேலே நீல எல்இடி பட்டை. என் மகள் கைகாட்டிய மீனுக்கு வால் அரைவட்டமாக விரிந்தது. உடம்பில் மெல்லிய பொன்னிறம் மினுங்கியது.

"அக்கா, இது தாய்லாந்து இம்போர்ட், ஹாஃப்மூன். இந்த கோல்டு டஸ்ட் இருக்கு பாருங்க, இது ரேர். லோக்கல் மீன்ல வராது" என்றார் கடைக்காரர். விலை 850 ரூபாய். தண்ணீர் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டேன். "ஸ்ட்ரெஸ் ஆகாம இருக்கத்தான்க்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். மூன்று லிட்டர் பிடிக்கும் ஒரு கண்ணாடி பவுல், கலர் கற்கள், கவரில் கட்டிய சிவப்புத் தீனி எல்லாம் சேர்ந்தது. தீனிக் கவரில் தயாரித்த தேதியும் இல்லை, கம்பெனி பெயரும் இல்லை. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் மொத்தத் தொகையை எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து வெள்ளை மக்கில் நல்ல தண்ணீரில் விட்ட பிறகுதான் மீனின் நிஜமான நிலை தெரிந்தது. வால் ஓரம் கிழிந்து, கிழிந்த இடமெல்லாம் கறுத்திருந்தது. துடுப்புகள் உடம்போடு ஒட்டிக்கிடந்தன. சரசரவென்று ஓடிப் போய் மக்கின் சுவரில் விலாவைத் தேய்த்தது, பிறகு அப்படியே அடியில் படுத்தது. விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த கோல்டு டஸ்ட் தலையிலும் செவுளுக்குப் பின்னாலும் மஞ்சள் தூளைத் தூவியது போலத் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. கண்ணின் மேல்கூட இருந்தது. எந்த மீனுக்கும் கண்ணில் கலர் தூள் ஒட்டியிருக்காது.

அது வெல்வெட் நோய். பிசினூடினியம் என்ற நுண்ணிய ஒட்டுண்ணி தோலிலும் செவுளிலும் பற்றிக்கொண்டு வளர்வதால் வருவது. நோயைக் காட்டி அபூர்வ நிறம் என்று சொல்லி என்னிடம் கூடுதல் விலை வாங்கியிருக்கிறார் மனிதர். கோபத்தையும் மீறிக் கொஞ்சம் சிரிப்பே வந்தது.

நீலத் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது மெத்திலீன் ப்ளூ. மருந்து என்ற அளவில் அதில் குற்றம் இல்லை. மீன் முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும், தொலைவாக மீன் அனுப்பும்போது பாதுகாப்புக்கும் வளர்ப்பவர்கள் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். ஆனால் அந்த நிறத்துக்கும் மேலே எரியும் நீல விளக்குக்கும் நடுவில் வாலின் கறுப்பு ஓரமோ, வயிற்றுச் சிவப்போ, வெண்புள்ளியோ எதுவுமே கண்ணுக்குப் படாது. மீனைப் பிடித்து வெள்ளைக் கிண்ணத்தில் தெளிந்த தண்ணீரில் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். கூடவே கடைப் பையன் மீன் பிடிக்கும் வலையையும் பாருங்கள். ஒரே வலையை எல்லாத் தொட்டியிலும் முக்குகிறான் என்றால், ஒரு தொட்டியில் இருக்கும் வியாதி எல்லாத் தொட்டிக்கும் போயிருக்கும்.

மறுநாள் கடைக்குப் போய், மீனுக்கு வெல்வெட் வந்திருக்கிறது என்று சொன்னேன். மறுக்கவே இல்லை. "மருந்து இருக்குக்கா" என்று சிரித்த முகமாக எடுத்து அடுக்கினார். லேபிள் இல்லாத சின்ன பாட்டிலில் நீல மருந்து ஒன்று. மடித்த பொட்டலத்தில் மஞ்சள் பவுடர் ஒன்று. பிரித்து ஊற்றச் சொல்லி டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல். 'ஃபிஷ் சால்ட்' என்று ஒரு கிலோ கவர், 120 ரூபாய். ஒரு கட்டு காய்ந்த பாதாம் இலை, 100 ரூபாய். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கேட்டதற்கு, "கலர் வர்ற வரைக்கும் விடுங்க, எல்லாத்தையும் ஒண்ணா போடலாம்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தால்தான் இந்தப் பதிவே. நோய் வந்த மீன்களில் நிறைய, மருந்தைக் கண்டபடி கொட்டுவதால் சாகின்றன. வெல்வெட் ஒட்டுண்ணியால் வருவது, டெட்ராசைக்ளின் பாக்டீரியாவுக்கான மருந்து. இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த மருந்து தண்ணீரில் இருக்கும் கால்சியம், மக்னீசியத்தோடு பிணைந்து வீரியம் இழந்துவிடும் என்பதால், சென்னையின் கடின போர் தண்ணீரில் பாக்டீரியா நோய்க்குக்கூட அது சரியாக வேலை செய்யாது. தண்ணீர் பழுப்பாவதுதான் மிச்சம். மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மாத்திரை அது. மீன் கடையில் கடலை மிட்டாய் கணக்காக விற்கிறார்கள். அந்த 'ஃபிஷ் சால்ட்' என்பதோ, அயோடின் சேர்க்காத சாதாரணக் கல்லுப்பு. பாதாம் இலை விஷயத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். கடை இருக்கும் அதே தெருவில், நடைபாதையில் இரண்டு நாட்டு வாதுமை மரங்கள் நிற்கின்றன. அந்த இலையின் துவர்ப்புச் சத்து தண்ணீரை லேசாக அமிலமாக்கும், பூஞ்சையைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும், ஃபைட்டருக்கு அது பிடிக்கும். அவ்வளவும் உண்மை. கீழே உதிர்ந்த பழுப்பு இலையாக, மருந்து அடிக்காத மரத்திலிருந்து எடுத்து, தூசி போகக் கழுவிப் போட்டால் போதும்.

உப்பையும் இலையையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். இரண்டும் வீட்டுப் பக்கத்திலேயே கிடைத்திருக்கும், சரி போகட்டும். மீனை எப்படித் தேற்றினேன் என்பதையும் சொல்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை, பொறுமை மட்டும் வேண்டும்.

முதல் வேலையாக அந்த பவுலைத் தூக்கிப் போட்டேன். ஃபைட்டருக்கு லேபிரிந்த் என்ற கூடுதல் சுவாச உறுப்பு இருக்கிறது, மேலே வந்து காற்றைக் குடிக்கும். அதனால் 'ஃபில்டர் வேண்டாம், பவுல் போதும்' என்று கடையில் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் கொல்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மூன்று லிட்டர் தண்ணீரில் மளமளவென்று ஏறும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஒரு புதுத் தொட்டியில் நிலைகொள்ளவே சில வாரம் ஆகும். போர் தண்ணீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, அதிகமாக இருந்தால், அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையான விஷம். வால் ஓரம் கிழிந்து கறுக்கும் துடுப்பு அழுகலுக்குப் பெரும்பாலும் அடிப்படைக் காரணம் இந்த அழுக்குத் தண்ணீர்தான். சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் அடுக்கிய அத்தனை மருந்தையும்விட அது உபயோகம்.

பாத்திரக் கடையில் வாங்கிய இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப்பாதான் ஆஸ்பத்திரி. அதில் பாதிக்கும் குறைவாகவே தண்ணீர் விட்டேன், நோயாளி மீன் மூச்சுக்கு மேலே வரச் சிரமப்படக் கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் ஹைப்போ என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் கலந்தபின்தான் உபயோகித்தேன். சின்ன ஹீட்டர் வைத்து 28 டிகிரியில் நிறுத்தினேன். சென்னையில் ஹீட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். இரவில் ஏசி போடும் அறை என்றால் தண்ணீர் குளிர்ந்து, காலையில் மறுபடி சூடேறும். அந்த ஏற்ற இறக்கம் நோயாளி மீனுக்கு ஆகாது.

உப்பு, லிட்டருக்கு ஒரு கிராமில் தொடங்கி இரண்டு கிராம் வரை. தனியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. எனவே எவ்வளவு தண்ணீரை மாற்றுகிறோமோ அந்த அளவுக்கு மட்டும்தான் மறுபடி உப்பு. இதைக் கவனிக்காமல் தினம் ஒரு ஸ்பூன் போட்டு மீனைக் கருவாடாக்கியவர்கள் உண்டு. செடி இருக்கும் தொட்டியில் உப்பு வேண்டாம்.

வெல்வெட் கிருமிக்கு ஒரு விசேஷம்: தன் உணவில் ஒரு பகுதியை வெளிச்சத்தில் தானே தயாரித்துக்கொள்ளும். அதனால் டப்பாவைக் கறுப்புத் துணி போட்டு மூடிவிட்டேன். மருந்து என்று பார்த்தால் தாமிரம் கலந்தது நன்றாகக் கேட்கும். லேபிளும் லிட்டர் கணக்கும் அச்சிட்டிருக்கும் பாட்டிலாகப் பார்த்து, அளந்து மட்டுமே ஊற்றினேன். நத்தையோ இறாலோ இருக்கும் தொட்டியில் தாமிரம் போனால் அவை செத்துவிடும், ஆகவே தனி டப்பா கட்டாயம். மீன் உடம்பில் ஒட்டியிருக்கும்போது அந்தக் கிருமியை மருந்து அவ்வளவாகத் தொடாது. உதிர்ந்து, பெருகி, அடுத்த மீனைத் தேடித் தண்ணீரில் நீந்தும் நேரத்தில்தான் அடி விழும். பொன்தூள் மறைந்ததும் மருந்தை நிறுத்திவிட்டால் திரும்பி வருவது அதனால்தான். இரண்டு வாரம்போல விடாமல் கொடுத்தேன். தினமும் கால்வாசித் தண்ணீரை அதே சூட்டில், மாற்றிய தண்ணீருக்கு உரிய மருந்தை மட்டும் சேர்த்து மாற்றினேன். தொடக்கத்தில் தீனியே போடவில்லை. ஓரிரு நாள் பட்டினி ஃபைட்டரைக் கொல்லாது. மிஞ்சிய தீனி அழுகினால் கொல்லும்.

தீனி என்றதும் இன்னொன்று. 'மீன் தேறணும்னா உயிர்ப் புழு போடுங்க' என்று டியூபிஃபெக்ஸ் உருண்டையைத் தலையில் கட்டுவார்கள். அந்தப் புழு சாக்கடையும் கழிவு நீரும் ஓடும் சேற்றில் செழித்து வளர்வது. நோயில் கிடக்கும் மீனுக்கு அதைப் போடுவது புது நோயைக் காசு கொடுத்து வாங்குவதுதான்.

வாலின் கிழிசலுக்குத் தனி மருந்து எதுவும் போடவில்லை, சுத்தமான தண்ணீர் மட்டும்தான். கறுப்பு ஓரம் நின்று, அதற்கு வெளியே கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் மெல்லிய சவ்வு வளர ஆரம்பித்தது. இந்தக் கட்டத்தில், புகாருக்கு ஆதாரமாக இருக்கட்டும் என்று கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி வைத்தேன். வந்த பதில்: "அக்கா, ஓரத்துல வெள்ளையா ஃபங்கஸ் ஏறுது. உடனே வாங்க, ஸ்ட்ராங் மருந்து ஒண்ணு வந்திருக்கு."

அது ஃபங்கஸ் இல்லை. புதுத் துடுப்பு. ஆறுகிற வால் அப்படித்தான் நிறமில்லாமல் வளரும், நிறம் பிறகு ஏறும். பூஞ்சை என்றால் பஞ்சு மாதிரி திரியாக நிற்கும், புதுச் சவ்வு தட்டையாக, துடுப்பின் நரம்பு போன்ற கதிர்களோடு ஒழுங்காக இருக்கும். பஞ்சாகத் தெரிவதெல்லாம் பூஞ்சையும் இல்லை, காலம்நாரிஸ் என்ற பாக்டீரியா நோயும் அதே தோற்றத்தில் வரும். அதற்கு மருந்து வேறு. ஒரு வாட்ஸ்அப் படத்தை வைத்துக்கொண்டு வியாதி சொல்கிற யாரையும் நம்ப வேண்டாம். செதில்கள் எல்லாம் சிலிர்த்து, வயிறு ஊதி நிற்கும் டிராப்ஸிக்கு 'கேரண்டி மருந்து' என்று ஒருவர் விற்றால் அங்கேயே புரிந்துகொள்ளுங்கள். உள்ளுறுப்பு, முக்கியமாகச் சிறுநீரகம் கெட்ட பிறகு தெரியும் அறிகுறி அது. பிழைப்பது அபூர்வம்.

மீன் இப்போது நன்றாக இருக்கிறது. பொன்னிறம் சுத்தமாகப் போய்விட்டது, இயல்பான நிறம் வெளிர் சிவப்பு. தாய்லாந்து கதையையும் விசாரித்தேன். ஃபைட்டரின் பூர்வீகம் தாய்லாந்துதான், 2019-ல் அந்த நாடு அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. ஆனால் என் மீன் அவ்வளவு தூரமெல்லாம் போய் வந்ததாகத் தெரியவில்லை. கொளத்தூரில் வீட்டு மாடியில் தொட்டி கட்டி ஃபைட்டர் வளர்க்கும் ஒரு பெரியவரிடம் படத்தைக் காட்டினேன். "நம்ம ஊர் மீன்தாம்மா இது" என்று சிரித்தார். அவரிடம் தண்ணீர் தெளிவாக இருந்தது. மீனை ஜாடியோடு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார், தீனி போட்டு அது தின்பதையும் காட்டினார். விலை, நான் கொடுத்ததில் நாலில் ஒரு பங்கு.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கடைக்காரர் சொன்னது: "உயிருள்ள பொருளுக்கு கேரண்டி கிடையாதுக்கா, வேணும்னா வேற ஃபைட்டர் எடுத்துக்கங்க." அதே நீலக் கப்புகளைத்தான் காட்டினார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. இதை அவரிடம் சொன்னபோதுதான் முதல்முறையாக முகம் மாறியது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். ஜிபே ஸ்கிரீன்ஷாட், துண்டுச்சீட்டு, முதல் நாள் டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படம், அந்த 'ஸ்ட்ராங் மருந்து' வாட்ஸ்அப் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. கடைக்காரர் இப்போது என் ஃபோனை எடுப்பதில்லை. அலமாரியில் நீலக் கப்புகள் மட்டும் அப்படியே இருக்கின்றன, நேற்றுகூடப் பார்த்தேன்.