மண்டபம் கரையில் கேப்சூல்: எண்ணெய்க்கு எது, தூளுக்கு எது?

மண்டபம், பாம்பன் பக்கம் ஜெலட்டின் கேப்சூல் தொழில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் உள்ளே அடைக்கும் சரக்கைப் பார்க்க வேண்டும். மீன் எண்ணெய் என்றால் உருளை அச்சு இயந்திரம்தான். எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே இரு ஜெலட்டின் நாடாக்கள் இறங்கும். எண்ணெய் பாயும் அதே நொடியில் விளிம்புகள் ஒட்டி, வெட்டுப்பட்டு விழும். 1930-களில் அமெரிக்கர் ராபர்ட் ஷெரர் கண்ட அருமையான வழி இது. ஆனால் விழும் கேப்சூல்கள் ஈரமாக இருக்கும். நம் கடற்காற்றில் அவை லேசில் உலராது. ஈரப்பதம் நீக்கிய அறை கட்டாயம். செலவு அங்கேதான் ஏறுகிறது.

கடற்பாசித் தூளுக்குக் கெட்டிக் கூடு, அதாவது உடலும் மூடியுமாக இரண்டு துண்டாக வரும் கேப்சூல், போதும். எஃகு ஊசிகளை ஜெலட்டின் கரைசலில் முக்கிக் கூடு வார்க்கும் இயந்திரம் பெரிய ஆலைகளுக்கே கட்டுப்படியாகும். வெற்றுக் கூடுகளை வாங்கி, கையால் இயக்கும் கருவியில் நிரப்பத் தொடங்குங்கள். கூட்டில் 13 முதல் 16 சதவீத ஈரம் இருக்க வேண்டும். கூடினால் இளகி ஒட்டும், குறைந்தால் நொறுங்கும்.